பகடை நேர்மையாக இருந்தால் போதுமா?

இணையச் சூதாட்டத் தளங்கள் சில, தங்கள் ஆட்டத்தின் நேர்மையை யாரும் நம்ப வேண்டியதில்லை, ஆடுபவரே கணக்கிட்டுச் சரிபார்க்கலாம் என்று அறிவிக்கின்றன. இது வெறும் விளம்பரமா, உண்மையா என்ற ஐயம் வாடிக்கையாளர்களுக்கு எழுவது இயல்பே. இதன் பின்னே குறியாக்கவியல் என்னும் உண்மையான கணிதம் இருக்கிறது. ஆயினும் அக்கணிதம் எதை மெய்ப்பிக்கிறது, எதைத் தொடுவதே இல்லை என்பதைப் பிரித்தறிய வேண்டும். பணம் கரைவது அந்த இரண்டாவது பகுதியில்தான்.

தொலைபேசியில் நாணயம் சுண்டுதல்

கணினி அறிஞர் மானுவல் புளூம் 1981இல் ஒரு விந்தையான சிக்கலை ஆராய்ந்தார். மணமுறிவு பெற்று வெவ்வேறு ஊர்களில் வாழும் இருவர், கார் யாருக்கு என்பதைத் தொலைபேசியிலேயே நாணயம் சுண்டி முடிவு செய்ய விரும்புகின்றனர். ஒருவர் சுண்டிவிட்டு, "நீங்கள் தோற்றீர்கள்" என்றால் மற்றவர் எப்படி நம்புவது?

இதற்கான தீர்வின் சாரம் நம் அலுவலகங்களில் பழகிய ஒன்றே. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது விலையை உறையிலிட்டு, முத்திரை வைத்து, முன்னதாகவே பெற்றுக்கொள்கிறோம். குறித்த நாளில் எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கிறோம். பிரிக்கும்வரை உள்ளே இருப்பதை யாரும் அறிய இயலாது. கொடுத்த பின் உரியவராலும் மாற்ற இயலாது. இவ்விரு பண்புகளும் கொண்ட உறை ஒன்று மின்னுலகில் கிடைத்தால், ஒருவரையொருவர் காணாதவர்களும் நாணயமாக ஆட முடியும்.

மின்னுலகின் முத்திரை

அந்த உறையாகப் பயன்படுவது ஹாஷ் எனப்படும் கணக்கீட்டு முறை. அவற்றுள் பெரிதும் வழங்குவது ஷா-256. எவ்வளவு நீண்ட செய்தியை இதற்குக் கொடுத்தாலும், எண்களும் எழுத்துகளும் கலந்த 64 குறிகள் கொண்ட ஒரே அளவான விடை வரும். அதே செய்திக்கு எப்போதும் அதே விடைதான். செய்தியில் ஒரு புள்ளியை மாற்றினாலும் விடை முற்றிலும் வேறாகிவிடும். விடையிலிருந்து பின்னோக்கிச் சென்று செய்தியைக் கண்டறிய நடைமுறையில் வழியில்லை. வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் என்பதால், ஊகித்துப் பிடிப்பதும் ஆகாத செயல்.

தளங்கள் இதைப் பயன்படுத்தும் முறை நான்கு படிகளைக் கொண்டது. முதலில், தளத்தின் கணினி ஓர் இரகசிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதன் ஹாஷை மட்டும் ஆடுபவருக்குக் காட்டுகிறது; இது முத்திரையிட்ட உறை. அடுத்து, ஆடுபவர் தம் விருப்பப்படி ஓர் எண்ணையோ சொல்லையோ அளிக்கிறார். மூன்றாவதாக, இரகசிய எண், ஆடுபவர் அளித்தது, ஆட்டத்தின் வரிசை எண் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட விடையிலிருந்து பகடையின் எண் பெறப்படுகிறது. இறுதியில் தளம் இரகசிய எண்ணை வெளியிடுகிறது. அதன் ஹாஷ் முன்பு காட்டியதோடு பொருந்துகிறதா என்றும், அதே கணக்கில் அதே பகடை எண் வருகிறதா என்றும் ஆடுபவர் சரிபார்க்கலாம். 2012இல் தோன்றிய சடோஷிடைஸ் என்னும் பிட்காயின் பகடைத் தளம், இரகசியத்தை முதலில் பூட்டிவைத்துப் பின்னர் வெளியிடும் இவ்வழியைத் தொடக்கத்திலேயே கைக்கொண்டவற்றுள் ஒன்று.

இம்முறை சரியாக நடந்தால், ஆடுபவர் பந்தயம் கட்டியதைப் பார்த்துவிட்டுத் தளம் விடையை மாற்றவில்லை என்பது ஐயமற உறுதியாகும். இது சிறிய சாதனையன்று. ஆனால் உறுதியாவது அவ்வளவே.

ஓட்டைகள் எங்கே?

ஆடுபவர் அளிக்கும் எண்ணைத் தளம் முன்கூட்டியே அறிந்திருந்தால், தனக்குச் சாதகமான இரகசிய எண்ணைத் தேர்ந்துவிட இயலும். எனவே உறையைப் பெற்ற பின்னரே ஆடுபவர் தம் எண்ணைத் தாமே அளிக்க வேண்டும். பலர் தளம் நிரப்பித் தரும் எண்ணை அப்படியே விட்டுவிடுகின்றனர். சரிபார்ப்பதற்கும் அத்தளத்தின் கருவியையே நம்புவது, கடைக்காரரின் தராசை அவருடைய எடைக்கல்லாலேயே சோதிப்பதைப் போன்றது. போக்கர் போன்று பலர் கூடி ஆடும் சீட்டாட்டத்தில் சீட்டு நேர்மையாகக் கலைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் எதிரே இருக்கும் இருவர் தங்கள் சீட்டுகளைத் தொலைபேசியில் பரிமாறிக்கொள்வதை எந்த ஹாஷும் தடுக்காது.

நேர்மையான நட்டம்

இவ்வோட்டைகள் அனைத்தையும் அடைத்துவிட்டதாகவே கொள்வோம். அப்போதும் ஆடுபவரின் பணம் ஏன் குறைகிறது?

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள் உள்ளன. ஓர் எண்ணின்மீது 100 ரூபாய் கட்டி வென்றால், கட்டிய தொகையும் சேர்த்து 3,600 ரூபாய் கிடைக்கும். ஒருவர் 37 எண்களின்மீதும் தலா 100 ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவர் வெல்வது உறுதி. ஆனால் கட்டியது 3,700 ரூபாய். திரும்புவது 3,600 ரூபாய். இந்த 100 ரூபாய், அதாவது 2.7 விழுக்காடு, ஆட்டத்தின் விதியிலேயே அமைந்த தளத்தின் பங்கு. இதில் வஞ்சனை ஏதும் இல்லை, மறைவும் இல்லை.

இத்தொகை சிறிதாகத் தோன்றுவதற்குக் காரணம், அது கையிலுள்ள பணத்தின்மீது கணக்கிடப்படுவதாக நாம் எண்ணுவதே. உண்மையில் அது ஒவ்வொரு பந்தயத்தின்மீதும் கணக்கிடப்படுகிறது. நாளொன்றுக்கு 200 முறை, தலா 100 ரூபாய் கட்டி 30 நாள் ஆடினால், கட்டிய மொத்தத் தொகை 6,00,000 ரூபாய். அதில் 2.7 விழுக்காடு ஏறத்தாழ 16,200 ரூபாய். ஒருவர் கூடுதலாக இழக்கலாம், ஒருவர் வெல்லவும் செய்யலாம்; ஆனால் சராசரி அங்கேதான் நிற்கும். அந்த 6,000 ஆட்டங்களையும் ஒன்றுவிடாமல் சரிபார்த்து, அத்தனையும் நேர்மையானவை என்று சான்று பெறலாம். சான்று பெற்ற பின்னும் பணம் போனது போனதே.

பணம் செல்லும் வழி

வென்ற தொகையைத் தளம் திருப்பித் தருமா என்பதையும் ஹாஷ் சொல்லாது. வங்கி வைப்புத்தொகைக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. சூதாட்டத் தளத்தின் பணப்பைக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் கிடையாது.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதற்கும் தடை செய்கிறது. ஆட்டம் திறமை சார்ந்ததா, வாய்ப்பு சார்ந்ததா என்ற வேறுபாட்டை அது ஏற்பதில்லை. இவ்வாட்டங்களுக்கான பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் துணைபுரிவதும் குற்றம். அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நேர்வழி அடைபட்டால் பணம் குறுக்குவழி தேடும். முன்பின் அறியாத தனிநபரின் யுபிஐ முகவரிக்குப் பணம் அனுப்பும்படி ஒரு செயலி கேட்டால், அது பிறர் பெயரில் இயக்கப்படும் இரவல் கணக்காக இருக்கலாம். உங்கள் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் மாத வாடகைக்குக் கேட்பவர்களும் உள்ளனர். அவ்வாறு கொடுத்த கணக்கு முடக்கப்படலாம். காவல்துறையின் விசாரணைக்கு விடைசொல்ல வேண்டியவர் கணக்கின் உரிமையாளரே. இணையவழியில் பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைத்து, தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். ஆட்டத்தை விட இயலாமல் தவிப்போருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 நாள் முழுவதும் செயல்படுகிறது.

குறியாக்கவியல் நம் எதிரியன்று. மின்னொப்பமிட்ட கணக்கறிக்கையில் ஓர் இலக்கத்தை எவரேனும் மாற்றினாலும் அது வெளிப்பட்டுவிடுவதற்கு அதே ஹாஷ் முறையே காரணம். பகடை உருண்ட விதத்துக்கு அது சான்றளிக்கும். அந்தப் பகடையின்மீது பணம் வைக்கலாமா என்பதற்கு, மேலே கண்ட 3,700 ரூபாய்க் கணக்கே விடை.