எடை சரி... இடுப்பளவு?

"ஆள் ஒல்லிதான், எப்படி சுகர் வந்தது?" செங்கல்பட்டு பக்கம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பதில் எடை மெஷினில் இல்லை, தொப்பையில் இருக்கிறது.

கொழுப்புத் திசு வெறும் மூட்டை அல்ல; ஹார்மோன் சுரக்கும் உறுப்பு. நாம் சாப்பிட்டதில் மிஞ்சுவதைச் சேமிப்பதும் அதுதான். தோலுக்கு அடியில் இடம் நிரம்பிவிட்டால் கொழுப்பு செல்கள் ஊதிப்போகும், அழற்சி தொடங்கும். இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிபோநெக்டின் ஹார்மோன் குறையும். கொழுப்பு கசிந்து கல்லீரலிலும் தசையிலும் படியும். பிறகு இன்சுலின் எவ்வளவு தட்டினாலும் செல்லின் கதவு சரியாகத் திறக்காது. கணையம் கூடுதலாகச் சுரந்து சுரந்து, ஒரு கட்டத்தில் களைத்துவிடும். சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும்.

நம்மவர்களுக்கு அந்த இடம் சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக் உடலில் 21.2!

அதனால், மாமல்லபுரம் கடற்கரைக்கு வாக்கிங் கிளம்பும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள். இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ-ஐ எட்டிவிட்டால், எடை என்ன சொன்னாலும் சுகர் டெஸ்ட் அவசியம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம்தான்.