விண்டோஸ் விழிக்கும் முன்னே

கண்மணி, போன வாரம் உன் வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் அண்ணன் கணினியை ஆன் செய்த கையோடு, டெலிட் விசையைப் படபடவென்று தட்டினானாம். உடனே விண்டோஸுக்குப் பதில் வேறொரு திரை வந்து நின்றதாம்.

"மாமா, அப்போது விண்டோஸ் வரவே இல்லையே. அண்ணன் தட்டியது யார் காதில் விழுந்தது?"

என்ன அருமையான கேள்வி! உனக்கும் இப்படித் தோன்றியிருந்தால், உன் மூளையைத் தட்டிக்கொடுக்க வேண்டும். வா, பார்ப்போம்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு முதலில் வருவது யார்? தலைமையாசிரியர் இல்லை. வாட்ச்மேன் தாத்தாதான். அவர் கேட்டைத் திறப்பார், விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார், எல்லாம் சரியாக இருந்தால் மணி அடிப்பார். கணினிக்கும் அப்படி ஒரு வாட்ச்மேன் உண்டு. பெயர் பயாஸ். 1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோதே அது உள்ளே இருந்தது. இன்றைய கணினிகளில் அதன் வேலையைச் செய்வது யூஇஎஃப்ஐ.

விண்டோஸ் வட்டில் தூங்குகிறது. வாட்ச்மேனோ மதர்போர்டில் உள்ள ஒரு சின்னச் சிப்பில் குடியிருக்கிறார். மின்சாரம் போனாலும் அவர் அழிய மாட்டார். விண்டோஸை எழுப்பி நினைவகத்துக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கிவைப்பதே அவர்தான். அண்ணன் தட்டியது அவர் காதில்தான் விழுந்தது. இதுவரை புரிந்ததா? நல்லது.

இனிமேல்தான் சுவையான இடம். முன்பெல்லாம் கீபோர்டு வயரின் நுனியில் ஓர் உருண்டைப் பிளக் இருக்கும். விசையை அழுத்தினால் அந்தக் கீபோர்டு தானாகவே மணி அடிக்கும். கணினி செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, "என்ன?" என்று திரும்பிப் பார்க்கும்.

1996-ல் யூஎஸ்பி வந்தது. யூஎஸ்பி கீபோர்டு மிகவும் அடக்கமான பிள்ளை. பெயர் கூப்பிட்டால்தான் "உள்ளேன் ஐயா" என்று சொல்லும். அதனால் கணினி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்: "ஏதாவது விசை அழுத்தினார்களா? இப்போது? இப்போது?" பெரும்பாலும் ஒரு நொடிக்கு நூறு முறைக்குக் குறையாமல் கேட்கும்!

அந்த யூஎஸ்பி ஓட்டையில் கீபோர்டுதான் வரும் என்று சொல்ல முடியுமா? மவுஸ் வரலாம், பென் டிரைவ் வரலாம், பிரிண்டர் வரலாம். கீபோர்டிலேயே சிலவற்றில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் விசைகூட இருக்கும். வந்தவர் யார், என்னென்ன செய்வார் என்று ஒரு நீண்ட விவரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் படித்துவிடும். சின்னச் சிப்பில் இருக்கும் வாட்ச்மேன் தாத்தாவுக்கு அது பெரும் பாடு.

யூஎஸ்பி விதிகளை எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். அதற்காக எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை. "தாத்தாவோடு பேசும்போது எல்லாக் கீபோர்டும் ஒரே எளிய மொழியில் பேசட்டும்" என்று வழி செய்தார்கள். அதற்குப் பெயர் பூட் புரோட்டோகால்.

அந்த மொழி ஒரு குட்டித் தபால் அட்டை மாதிரி. அதில் எட்டே எட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு பைட்; அதில் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்ணை எழுதலாம். முதல் கட்டம் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் போன்ற துணை விசைகளுக்கு. இரண்டாவது காலி. மீதி ஆறும் அழுத்திய விசைகளுக்கு. A விசைக்கு எண் 4. B-க்கு 5. என்டருக்கு 40. அண்ணன் தட்டிய டெலிட்டுக்கு 76. விரலை எடுத்தால் அந்த இடத்தில் 0 வரும்.

கவனித்தாயா? கீபோர்டுக்கு எழுத்தே தெரியாது! விசையின் எண்தான் தெரியும். அந்த 4-ஐத் தமிழ்99 முறையில் 'அ' ஆக்குவது, பின்னால் எழுந்து வரும் விண்டோஸின் வேலை.

கடைசியில் விண்டோஸ் விழித்துக்கொள்ளும். பறக்கும் பட்டத்தின் நூலை உன் கையிலிருந்து அக்கா கைக்கு மாற்றுவாயே, அதுபோல வாட்ச்மேன் யூஎஸ்பியை விண்டோஸிடம் ஒப்படைப்பார். அந்த நேரத்தில் கீபோர்டின் விளக்குகள் சட்டென்று அணைந்து மறுபடி எரிவதைப் பல கணினிகளில் பார்க்கலாம். விண்டோஸ் கீபோர்டிடம், "நீ யார்? முதலிலிருந்து சொல்" என்று புதிதாக விசாரிக்கிறது.

புளூடூத் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. அதனோடு ஜோடி சேர்ந்த விவரம் பெரும்பாலும் விண்டோஸுக்குத்தான் தெரியும். தாத்தாவுக்கு அதை அடையாளம் தெரியாது. டெலிட்டை எத்தனை தட்டினாலும் பயன் இருக்காது. அப்போது வயர் உள்ள ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகிக்கொள்ள வேண்டியதுதான்.

வாட்ச்மேனின் அந்தத் திரையை நீயும் பார்க்க ஆசையா? வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். சில கணினிகளில் டெலிட், சிலவற்றில் எஃப்2. உள்ளே போய்ப் பார்க்கலாம், ஆனால் எதையும் மாற்றாதே. வெளியே வரும்போது "சேமிக்கவா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல். பிறகு கீபோர்டில் உள்ள நம் லாக் (Num Lock) விளக்கின் மேல் ஒரு கண் வைத்து, அது எப்போது அணைந்தது, எப்போது எரிந்தது என்று ஒரு தாளில் குறித்து எனக்கு எழுது.