சறுக்கு மரத்தின் அடியில் என்ன இருக்கிறது?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சிறுவர் பூங்கா. தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வரும் பெற்றோர் மாலையில் பிள்ளைகளை அங்கே அழைத்து வருவார்கள். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். சறுக்கு மரத்தின் ஏணி உச்சியிலிருந்து ஒரு சிறுவன் கால் தவறி விழுந்தான். கீழே சிமெண்டுத் தளம். நல்ல வேளையாகத் தலையில் அடிபடவில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

“பிள்ளைக்கு நிதானம் போதாது” என்றார்கள் சுற்றி நின்றவர்கள். குற்றம் பிள்ளையிடமா, தளத்திடமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

ஏணியின் உயரம் 2 மீட்டர் என்று கொள்வோம். தரையைத் தொடும்போது வேகம் என்ன? v² = 2gh என்ற சமன்பாடு உங்களுக்குத் தெரியும். விடை, வினாடிக்கு ஏறத்தாழ 6.3 மீட்டர், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல். சைக்கிளை வேகமாக மிதித்துச் சென்று சுவரில் மோதுவதற்குச் சமம்.

ஆனால் காயத்தை உண்டாக்குவது வேகம் மட்டுமன்று. அந்த வேகம் எவ்வளவு தொலைவுக்குள் அடங்குகிறது என்பதே முக்கியம். நிற்பதற்குக் கிடைக்கும் தொலைவு s என்றால் v² = 2as. இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்தால் a = g × h/s என்று வரும். எவ்வளவு எளிய விடை பாருங்கள்! விழுந்த உயரத்தை நின்ற தொலைவால் வகுத்தால் போதும்.

சிமெண்டுத் தளம் அமுங்காது. தலை அரை சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்றால், 200-ஐ 0.5-ஆல் வகுக்க, சராசரி எதிர்முடுக்கம் 400 g. மணல் 10 சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் 20 g மட்டுமே. தலைக்கு நேரும் எதிர்முடுக்கம் 200 g-யைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க, ஐரோப்பிய விளையாட்டுத் திடல் தரநிலைகளின் வரம்பு. அதே உயரம், அதே பிள்ளை. வேறுபாடு தளத்தில்தான் இருக்கிறது.

மணலிலும் வகை உண்டு. உருண்டையான மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி விலகும். அந்த உராய்வில் ஆற்றல் செலவாகும். களிமண் கலந்த மணலோ மழையில் நனைந்து காய்ந்ததும் கட்டிதட்டிப் போகும். ஆகவே கழுவிய மணலை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இட்டு, அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

பாதுகாப்பைப் பார்த்தால் அழகு போய்விடுமோ என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியில் பணியாற்றிய ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர், 1947-இல் ஒரு சிறு சதுக்கத்தில் மணல் குழியோடு கூடிய விளையாட்டுத் திடல் அமைத்தார். உலோகக் குழாய்களை வளைத்து அவர் செய்த வளைவுகள் பெரியவர்களுக்குச் சிற்பம். குழந்தைகளுக்கு ஏறி விளையாடும் மலை. அதைப் பார்த்த மற்றப் பகுதி மக்கள், தங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். 1978-க்குள் 700-க்கும் மேற்பட்ட திடல்கள் உருவாயின! உருக்காலைகளும் பட்டறைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டியில் இரும்புக் குழாய்க்கும் வெல்டிங் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமா என்ன?

நம் நாட்டிலும் இதற்கு வழி இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளை 12-ஆவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. அதில் 12-ஆவது பணி பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல். அடுத்த 13-ஆவது பணி பண்பாடு, கல்வி, அழகுணர்வு ஆகியவற்றை வளர்ப்பது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைக் கவனித்தீர்களா? கிராமங்களிலோ ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதைப் பேசலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஓர் அளவு நாடாவோடு உங்கள் ஊர்ப் பூங்காவுக்குச் செல்லுங்கள். ஏணியின் உயரத்தையும் அடியில் உள்ள மணலின் ஆழத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கையும் சேர்த்து ஒரு மனுவாக எழுதி, பெற்றோரிடம் கையொப்பம் வாங்கி, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். புதிய ஊஞ்சலும் வண்ணச் சிலையும் பிறகு கேட்கலாம். முதலில் மணலைக் கேளுங்கள்.