ஆசென்வா சாலையில் ஒரு டாங்கிக் கம்பெனி

இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்க டாங்கிக் கம்பெனி ஒன்றில், காகிதக் கணக்குப்படி 17 நடுத்தர டாங்கிகள் இருக்க வேண்டும். ஐந்தைந்தாக மூன்று பிளட்டூன்கள், தலைமைப் பிரிவுக்கு இரண்டு. இப்படி மூன்று கம்பெனிகளோடு பட்டாலியன் தலைமையகத்தின் இரண்டையும் சேர்த்தால் 53. 1944 டிசம்பர் 26 பிற்பகலில் பெல்ஜியத்தின் க்ளோஷிமோன் என்ற சிற்றூரை எட்டியிருந்த 37-வது டாங்கி பட்டாலியனிடம் ஓடும் நிலையில் இருந்த ஷெர்மன் டாங்கிகள் இருபதுதான். உடன் வந்த 53-வது கவசக் காலாட்படை பட்டாலியனிலும் 230 பேர் குறைவு.

சில கிலோமீட்டர் தொலைவில் பாஸ்டோன் நகரம். அதற்குள் அமெரிக்காவின் 101-வது பாராசூட் டிவிஷன் ஐந்தாறு நாட்களாகச் சுற்றி வளைக்கப்பட்டுக் கிடந்தது. அந்த நகரத்தை அடைந்த கதை பல போர் நூல்களில் வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு டாங்கிக் கம்பெனி நாள்தோறும் எப்படி முன்னேறுகிறது, அந்த முன்னேற்றம் எதனால் நிற்கிறது, எதனால் மறுபடி நகர்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் அந்த வண்டிக்குள் இருப்பவர்களைப் பார்த்துவிடலாம். ஷெர்மனில் ஐந்து பேர். கீழே முன்பக்கம் ஓட்டுநர், அவர் பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கிக்காரர். மேலே சுழலும் கோபுரத்துக்குள் பீரங்கியைக் குறிபார்ப்பவர், குண்டு ஏற்றுபவர், தளபதி. மூடியைச் சாத்திக்கொண்டால் வெளியுலகம் சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகளாகச் சுருங்கிவிடும். அதனால் பெரும்பாலான தளபதிகள் தலையை வெளியே நீட்டியபடிதான் சண்டைக்குள் போனார்கள். சன்னலோரமோ மரத்தடியிலோ மறைந்திருக்கும் துப்பாக்கிக்காரன் முதலில் குறிவைப்பதும் அந்தத் தலையைத்தான்.

டாங்கி தனியாகச் சீறிப் பாய்ந்து ஊரைப் பிடிக்கும் காட்சியைத் திரைப்படங்கள் நம் மனத்தில் பதித்திருக்கின்றன. உண்மையில் தனித்துப் போன டாங்கி சீக்கிரமே எரிந்தது. பிளட்டூனின் ஐந்து வண்டிகளில் இரண்டு மூன்று மேட்டிலோ மர நிழலிலோ நின்று முன்னாலுள்ள வெளியைக் கண்காணிக்கும். மற்றவை அடுத்த மறைவிடம் வரை ஓடி நின்றுகொள்ளும். அதன்பின் இவை நிற்க, அவை ஓடும். சந்தேகமான புதர், வேலி, வைக்கோற்போர் எதுவானாலும் இயந்திரத் துப்பாக்கியால் ஒரு முறை சுட்டுப் பார்த்துவிட்டே கடப்பார்கள். ஊருக்குள் நுழைந்தால் காலாட்படை வீரர்கள் வீடு வீடாகப் போக வேண்டும்; தோளில் வைத்துச் சுடும் தகர்ப்பு ஆயுதத்தோடு நிலவறையில் பதுங்கியிருப்பவனை டாங்கியால் பார்க்கவே முடியாது.

எதிரியை முதலில் பார்ப்பவன், முதலில் சுடுபவன் பிழைத்தான் என்பதற்கு 37-வது பட்டாலியனின் சி கம்பெனியே சாட்சி. மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 19 அன்று, பிரான்சின் ஆராகூர் வட்டாரத்தில் மூடுபனிக்கு நடுவே ஜெர்மானியரின் பாந்தர் டாங்கிகள் வந்தன. கவசத்திலும் பீரங்கியிலும் ஷெர்மனைவிட வலுவானவை. கேப்டன் கென்னத் லாமிசன் தன் டாங்கிகளில் சிலவற்றை மட்டும் அழைத்துக்கொண்டு பெஸாஞ்ஜ் அருகிலிருந்த மேட்டுக்கு விரைந்தார். பாந்தர்களுக்குச் சில நிமிடம் முன்பாகவே அங்கே போய் நின்றுவிட்டார். அவை கண்ணில் பட்டதும் நான்கு, பதிலுக்குச் சுடும் முன்பே வீழ்ந்தன. உடனே மேட்டின் மறுபுறம் இறங்கி, சுற்றிப் போய், வேறொரு பக்கத்திலிருந்து மீதியைத் தாக்கினார். நல்ல இடமும் வேகமும் பழகிய கைகளும் சேர்ந்தால் மெல்லிய கவசக்காரனும் வெல்லலாம் என்பதை அந்தக் காலை காட்டியது.

டிசம்பரில் நிலைமை வேறு. 16-ஆம் தேதி ஜெர்மானியர் ஆர்டென் காடுகளின் வழியாகத் திடீரென்று பெருந்தாக்குதல் தொடுத்தனர். ஏழு சாலைகள் கூடும் பாஸ்டோன் அவர்கள் வழியில் குறுக்கே கிடந்தது. 19-ஆம் தேதி வெர்டனில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் கூட்டிய ஆலோசனையில், மூன்று டிவிஷன்களோடு 22-ஆம் தேதியே வடக்கு நோக்கித் தாக்குவதாக ஜெனரல் பேட்டன் சொன்னார். கிழக்கு நோக்கிப் போரிட்டுக்கொண்டிருந்த அவரது படையை, பனிக்காலச் சாலைகளில் நூறு மைலுக்கும் மேல் வடக்கே திருப்பிக் கொண்டுவருவது லேசான வேலை அல்ல. 37-வது பட்டாலியன் இடம்பெற்றிருந்த 4-வது கவச டிவிஷன் அதைச் செய்தது.

இந்த நகர்வுக்கு எரிபொருள் எவ்வளவு வேண்டியிருக்கும்? ஒரு ஷெர்மனின் தொட்டி சுமார் 635 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். நல்ல சாலையில் அது ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு வரும். வயலிலும் சேற்றிலும் இறங்கினால் மிக விரைவில் தீர்ந்துவிடும். பெட்ரோல் வந்தது இருபது லிட்டர் பிடிக்கும் ஜெர்ரி கேன்களில். ஒரு டாங்கியை நிரப்ப முப்பதுக்கும் மேற்பட்ட கேன்களை இருட்டில், விளக்கில்லாமல், உறையும் குளிரில் கைமாற்றி ஏற்றி ஊற்ற வேண்டும். பிறகு பீரங்கிக் குண்டுகள். பிறகு சங்கிலிப் பட்டையின் இணைப்புகளைச் சோதிப்பது, எண்ணெய் பார்ப்பது, காவல் முறை. இவையெல்லாம் முடிந்தால் தூக்கம், அதுவும் முடிந்தவரை. விடியும் முன்பே கம்பெனித் தலைவர் உத்தரவு வாங்கப் போய்விடுவார். டிசம்பர் இறுதியில் அந்தப் பகுதியில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்தான். மீதி நேரம் அடுத்த நாளுக்கான உழைப்பிலேயே கரைந்தது. போர்க்கள வரைபடத்தின் அம்புக்குறிகள் இந்தக் கைகளின் வேலையைக் காட்டுவதே இல்லை என்பதுதான் வருத்தம்.

22-ஆம் தேதி காலை ஆறு மணிக்குத் தாக்குதல் தொடங்கியது. டிவிஷனின் ஒரு பிரிவு ஆர்லோன்–பாஸ்டோன் நெடுஞ்சாலையில் ஏறிப் பகல் வேளையில் மார்டெலாஞ்ச் ஊரை அடைந்தது. அங்கிருந்து பாஸ்டோன் சுமார் 20 கிலோமீட்டர். ஆனால் சூர் ஆற்றின் பாலம் தகர்ந்து கிடந்தது. பொறியாளர்கள் துண்டு துண்டாகப் பூட்டிச் சேர்க்கும் பெய்லி பாலம் போடும் வரை டாங்கிகள் கரையில் காத்துக் கிடந்தன. இடப்புறம் போன இன்னொரு பிரிவு 23-ஆம் தேதி ஷோமோன் என்ற கிராமத்தைப் பிடித்தது. அதே நாளில் ஜெர்மானியர் எதிர்த்தாக்குதல் நடத்தி அதைத் திரும்பப் பறித்தனர். 11 ஷெர்மன்கள் அழிந்தன. நாள் முழுவதும் போரிட்டுப் பிடித்த இடம் மாலைக்குள் போய்விட்டது.

37-வது பட்டாலியன் ரிசர்வ் பிரிவில் இருந்தது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் க்ரைட்டன் ஏப்ரம்ஸுக்கு அப்போது முப்பது வயது. டிவிஷனின் வலப்புறத்தைக் காக்க அதை பிகோன்வில் கிராமத்துக்கு அனுப்பினார்கள். 23-ஆம் தேதி தொடங்கிய சண்டை மறுநாள்தான் ஓய்ந்தது. களைப்பு தீரவில்லை, அன்றிரவே புதிய உத்தரவு: டிவிஷனின் பின்புறமாகச் சுற்றி, முன்னணியின் மறுகோடிக்கு, நெஃப்ஷாட்டோ சாலைப் பக்கம் போக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை அவர்கள் சுமார் 50 கிலோமீட்டர் பனிச்சாலையில் ஓட்டியே கழித்தனர்.

கிறிஸ்துமஸ் காலையில் ஓய்வில்லாமல் தாக்குதல். வோ-லே-ரோசியேர், நிவ் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. கோப்ரவில்லில் ஓடைப் பாலம் உடைந்திருந்தது. புல்டோசர் ஒன்று வந்தது. அருகிலிருந்த கற்சுவரை இடித்து, இடிபாட்டை ஓடைக்குள் தள்ளி வழி உண்டாக்கியது. டாங்கிகள் அதன்மேல் ஏறிக் கடந்தன. அடுத்த ஊரான ரெமொய்வாலில் ஜெர்மன் பாராசூட் படையினர் இருந்தனர். நான்கு பட்டாலியன் பீரங்கிகள் அதன்மேல் குண்டு பொழிந்தன. நிலவறைகளில் ஒதுங்கியவர்கள் தலைதூக்குவதற்குள் டாங்கிகளும் காலாட்படையும் தெருவில் நின்றன. 300-க்கும் மேற்பட்டவர்கள் கைதாயினர். ஊரைத் தாண்டியதும் சாலையில் ஒரு பெரும் பள்ளம். அத்தோடு அன்றைய பொழுது முடிந்தது.

கவனித்துப் பார்த்தால் இந்த நாட்களில் கம்பெனியைத் தடுத்தவற்றுள் எதிரி டாங்கிகளைவிட உடைந்த பாலங்களும் பள்ளங்களும் குறுகிய பகலும்தான் அதிகம். பின்வாங்கும் படைக்குச் சாலையைக் கெடுப்பது மலிவான, பலன் தரும் ஆயுதம். அதற்கு மாற்று பொறியாளர்களிடம் இருந்ததே ஒழியத் துப்பாக்கிக்காரர்களிடம் இல்லை.

26-ஆம் தேதி காலை பி-47 விமானங்கள் முன்னால் குண்டு வீச, ரெமிஷாம்பான் கைப்பற்றப்பட்டது. மூன்று மணி வாக்கில் க்ளோஷிமோன். அடுத்த இலக்காகச் சொல்லப்பட்டிருந்தது சிப்ரே என்ற ஊர். அங்கே எதிரிகள் வலுவாக இருப்பதாகத் தகவல். ஏப்ரம்ஸும் காலாட்படைத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் ஜேக்ஸும் சாலையோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, சி-47 சரக்கு விமானங்கள் தலைக்கு மேல் பறந்துபோய் பாஸ்டோனில் பாராசூட்டுகளில் பொருட்களை இறக்கின. உள்ளே இருப்பவர்களின் அவசரத்தை அந்தக் காட்சி உணர்த்தியது. சிப்ரேயை விட்டுவிட்டு, ஆசென்வா ஊர் வழியாக நேரே நகரத்துக்குப் போய்விடலாம் என்றார் ஏப்ரம்ஸ். ஜேக்ஸ் ஒப்புக்கொண்டார். இந்தப் பயணத்தின் மிகத் துணிவான முடிவு இது. மேலிடத்து வரைபடத்தைப் பார்த்து எழுந்ததல்ல. கையில் என்ன மிஞ்சியிருக்கிறது, வெளிச்சம் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை அறிந்தவர்கள் அங்கேயே எடுத்தது.

பணி சி கம்பெனிக்கு. ஒரு கேப்டன் வகிக்க வேண்டிய தலைமையில் அப்போது இருந்தவர் லெப்டினன்ட் சார்லஸ் போகெஸ். டாங்கிகளும் காலாட்படையும் சேர்ந்த அணி முழுவதுக்கும் பொறுப்பேற்றவர் கேப்டன் வில்லியம் ட்வைட். போகெஸ் ஏறியிருந்தது ‘கோப்ரா கிங்’. கம்பெனியின் ஆங்கில எழுத்தில் (இங்கே C) தொடங்கும் பெயரை வண்டிக்கு வைப்பது அங்கே வழக்கம். அது ‘ஜம்போ’ என்று அழைக்கப்பட்ட தடித்த கவச ஷெர்மன். மொத்தமே 254 தான் தயாரித்தார்கள். எதிரியின் முதல் குண்டைத் தாங்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்தினார்கள். ஓட்டுநர் ஹியூபர்ட் ஸ்மித், குறிபார்ப்பவர் மில்டன் டிக்கர்மன், குண்டு ஏற்றுபவர் ஜேம்ஸ் மர்ஃபி, இயந்திரத் துப்பாக்கிக்காரர் ஹரால்ட் ஹாஃப்னர்.

மாலை நான்கு மணி கடந்து அணி புறப்பட்டது. ஆசென்வாவின்மேல் சுட 13 பீரங்கி பேட்டரிகள் முன்கூட்டியே குறி குறித்து, அந்த இலக்குக்கு எண்ணும் கொடுத்துத் தயாராக இருந்தன. அணி ஊரை நெருங்கியதும், நாலரை மணி கடந்த வேளையில், ஒயர்லெஸ்ஸில் அந்த எண் சொல்லப்பட்டது. பேட்டரிக்குப் பத்துச் சுற்று வீதம் குண்டுகள் விழுந்தன. அவை முழுதும் ஓய்வதற்குக் காத்திருக்காமலே டாங்கிகள் ஊருக்குள் நுழைந்துவிட்டன. எதிரி நிலவறையை விட்டு வெளிவருவதற்குள் தெருவைக் கடந்துவிட வேண்டும் என்பது கணக்கு. அதற்கு விலையும் இருந்தது. சொந்தப் பீரங்கிக் குண்டே காலாட்படை வண்டி ஒன்றைத் தாக்கியது. புகையிலும் தூசியிலும் சில வண்டிகள் தெரு மாறிப் போயின. வண்டிகளிலிருந்து குதித்த காலாட்படையினர் ஊருக்குள் கைகலப்பு வரை போய்ச் சண்டையிட்டனர். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹெண்ட்ரிக்ஸ் என்ற சாதாரண வீரர், இரண்டு 88 மி.மீ. பீரங்கிகளின் குழுவினரைத் தனியாளாகச் சரணடைய வைத்தார். எரிந்துகொண்டிருந்த வண்டியிலிருந்து ஒருவரை மீட்டார். அதற்காக அமெரிக்காவின் மிக உயரிய வீரப் பதக்கம் பெற்றார்.

போகெஸ் நிற்கவில்லை. மற்ற இரு டாங்கிகள் பின்தொடர, சாலையின் இருபுறமும் சுட்டுக்கொண்டே ஓடினார். சில நிமிடங்களில் 21 பீரங்கிக் குண்டுகள் சுட்டதாக அவர் பின்னர் சொன்னார். குறுகிய கோபுரத்துக்குள் மர்ஃபியின் கைகள் ஓய்ந்திருக்க வழியே இல்லை. இதற்கிடையே முன்னணிக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. மரங்களுக்குள்ளிருந்து வந்த ஜெர்மானியர் அந்த இடைவெளியில் கண்ணிவெடிகளைப் பரப்பினர். காலாட்படை வண்டி ஒன்று அதில் சிக்கி வெடித்தது. ட்வைட்டும் உடனிருந்தவர்களும் இறங்கி, மீதிக் கண்ணிகளைக் கையால் எடுத்து ஓரமாக எறிந்துவிட்டு வண்டியேறினர்.

4.50. சாலையோரக் கான்கிரீட் அரண் ஒன்றைச் சுட்டுத் தகர்த்தபின், அதைத் தாக்கத் தயாராக நின்ற வேறு சில வீரர்களை போகெஸ் பார்த்தார். சீருடை அமெரிக்கருடையது. ஆனாலும் இரு தரப்பும் சற்றுத் தயங்கின. பிறகு 326-வது பாராசூட் பொறியாளர் பட்டாலியனைச் சேர்ந்த லெப்டினன்ட் ட்வேன் வெப்ஸ்டர் முன்னால் வந்து கைகொடுத்தார். முற்றுகை அறுந்தது. சற்று நேரத்தில் நகரைக் காத்துநின்ற படையின் தலைவர் ஜெனரல் மெக்காலிஃப் அங்கே வந்து ட்வைட்டை வரவேற்றார்.

ஆசென்வாவுக்குள் சண்டை இரவிலும் நீடித்தது. அங்கே பிடிபட்ட ஜெர்மானியர் 400-க்கும் மேல். திறந்த வழியின் அகலமோ சில நூறு மீட்டர்தான்; அடுத்தடுத்த நாட்களில் அதை அகலப்படுத்தவும் காக்கவும் மேலும் பலர் போரிட வேண்டியிருந்தது. நகரில் சேர்ந்திருந்த காயமுற்றோரை ஏற்றிச்செல்ல அந்த வழியாகத்தான் ஆம்புலன்ஸ்கள் உள்ளே போயின. 4-வது கவச டிவிஷன் இந்த வழித்தடத்துக்காகக் கொடுத்த விலை, இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாகச் சுமார் ஆயிரம் பேர். ஏப்ரம்ஸ் தவிர்த்துவிட்டுப் போன சிப்ரேயைப் பிடிக்கும் பொறுப்பு 9-வது கவச டிவிஷனின் ஒரு பிரிவுக்குப் போனது. 27-ஆம் தேதி அது சண்டையைத் தொடங்கியது.