பெருங்குடல் புண்ணும் அக்குபங்சர் ஊசியும்

மலத்தில் ரத்தம் கண்டால் ‘உடம்புச் சூடு’, ‘மூலம்’ என்று மோரும் இளநீரும் குடித்தே மாதங்களைக் கடத்துகிறவர்கள் உண்டு. ரத்தமும் சளியுமாகப் பலமுறை போய், போய்வந்த பின்னும் முக்கல் அடங்காவிட்டால் அது அல்சரேட்டிவ் கொலைட்டிஸாக இருக்கலாம். மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும் அழற்சி இது. அடங்கும், மறுபடி கிளம்பும். வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கிச் சலித்தவர்கள் அக்குபங்சர் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை.

ஊசியும் புகைச்சூடும்

இந்த நோய்க்குச் சீன முறையில் அதிகம் குத்தும் இடங்களில் இரண்டு: தொப்புளுக்கு இரு பக்கமும் உள்ள தியென்ஷு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் உள்ள ட்சுசான்லி. கூடவே மாக்சா: மாசிபத்திரி இனத்துச் செடியின் உலர்ந்த இலையைச் சுருட்டிக் கொளுத்தி, தோலருகே காட்டிச் சூடேற்றுவார்கள்.

ஜெர்மனியில் பார்த்த சோதனை

2006இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், நோய் லேசாகவோ மிதமாகவோ இருந்த 29 பேர் பங்கேற்றார்கள். ஐந்து வாரத்தில் பத்து முறை சிகிச்சை. ஒரு பிரிவினருக்கு முறையான ஊசியும் மாக்சாவும். மற்றவர்களுக்கு அக்குபங்சர் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி. நோய்த்தீவிர மதிப்பெண் முதல் பிரிவில் 8லிருந்து 4.2 ஆனது, போலி ஊசியில் 6.5லிருந்து 4.8. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் உயரத்தில் தொடங்கியவர்களுக்கு இறங்க இடமும் அதிகம். 29 பேர் என்பது சின்னக் கூட்டம். அன்றாட வாழ்க்கை இலகுவானதாக இரு பிரிவினருமே சொன்னார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கவனித்ததற்கும் அதில் பங்கிருக்கும் என்றே தோன்றுகிறது.

காலில் குத்தினால் குடலுக்கு என்ன? 2021இல் எலிகளிடம் நடந்த ஆய்வில், ட்சுசான்லி பகுதியில் மின்னூட்டிய ஊசி, மூளையையும் வயிற்று உறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக அழற்சியைத் தணித்தது. எலிக்குச் சரி, மனிதருக்கு இன்னும் நிரூபிக்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. ‘ஊசி போதும், மருந்தெல்லாம் விஷம்’ என்கிற அக்கு ஹீலரிடம் இந்த நோயோடு போகாதீர்கள். குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரையை விட்டால் நோய் திரும்பக்கூடும். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வலி குறைந்ததாலேயே குடல் ஆறிவிட்டதென்று அர்த்தமில்லை. ஆறியதா என்பதை மலத்தில் செய்யும் கால்புரோடெக்டின் பரிசோதனையும் கொலோனோஸ்கோப்பியும்தான் காட்டும். நோய் தொடங்கி எட்டு ஆண்டு கடந்தவர்களுக்குப் புற்றுநோய்க் கண்காணிப்பும் தேவை.

மருந்தோடு சேர்த்து ஊசியும் வேண்டுமென்றால் குடல் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்துகொள்ளுங்கள். நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசதியோப்ரின், இன்ஃபிளிக்ஸிமாப் மருந்துகளை எடுப்பவர்களுக்குக் கிருமித்தொற்று எளிதில் வரும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ நாடி படபடப்போ சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.