போனக்காட்டில் எடுத்த படம்

விடுமுறை வந்தால் ஊர்ப் பயணம் செல்வதும், சென்ற இடத்தில் படம் எடுப்பதும், எடுத்த படங்களை உற்றார் உறவினருக்கு அனுப்புவதும் இன்று நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டன. பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, ஊரையும் உறவையும் கண்முன் நிறுத்துவன இப்படங்களே. ஆயினும் இவற்றுள் எத்தனை படங்கள் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் எஞ்சியிருக்கும்? எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஓர் இழப்பு இக்கேள்வியை எழுப்பியது. அதன் வாயிலாக நாங்கள் அறிந்துகொண்டவற்றை நம் சங்கத்துக் குடும்பங்கள் யாவும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

மலையும் லயமும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கே சென்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. காணித்தடத்திலுள்ள வனச் சோதனைச் சாவடியைக் கடந்தபின் வழி நெடுகக் காடுதான். தமிழ் முனிவர் அகத்தியர் பெயரால் வழங்கும் அகத்தியர்கூடம் (1,868 மீட்டர்) ஏறுவோர் கேரளப் பக்கத்தில் நடையைத் தொடங்கும் இடமும் இதுவே. நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக, 2019-ஆம் ஆண்டு முதல் பெண்களும் அம்மலைப் பயணத்தில் கலந்துகொள்கின்றனர்.

ஆங்கிலேயர் காலத்தில் உருவான இத்தோட்டத்திற்குத் தமிழகத்திலிருந்து கொழுந்து பறிக்கச் சென்ற குடும்பங்கள் பல. எங்கள் பெரிய அத்தை அங்கேதான் பிறந்தார்; அங்கேயே கூடை சுமந்து முதுமை எய்தினார். வேலை செய்ய இயலாத வயதில் எங்களுடன் வந்து வாழ்ந்த அவர், “ஒருமுறை லயத்தைப் பார்த்துவிட்டு வந்துவிட்டால் போதும், அப்பா” என்று அடிக்கடி சொல்லுவார். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் அவரை அழைத்துச் சென்றோம்.

ஆலை ஓய்ந்து கிடந்தது. நிர்வாகம் கைவிட்டபின், கூலியும் பணிக்கொடையும் கிடைக்காமல் தொழிலாளர்கள் பட்ட துன்பம் செய்தித்தாள்களில் வந்ததே. இன்று அங்கே செல்லும் இளைஞர் பலருக்கு ஒரே நாட்டம், பேய் உலவுவதாகக் கதை கட்டப்பட்ட பழைய வெள்ளைக்காரர் பங்களாவைப் படம் பிடிப்பதில்தான். எங்கள் அத்தையோ அப்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. தாம் வாழ்ந்த லயத்தின் வாயிற்படியில் சென்று நின்றார். நிலையைத் தடவிப் பார்த்தார். அடுத்த வீட்டு மூதாட்டி ஓடிவந்து கையைப் பற்றிக்கொண்டதும் குழந்தைபோல் சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கள் தம்பி தன் கைப்பேசியில் எடுத்துவிட்டான். அறுவர் கூடி நின்ற அப்படம் அன்றிரவே வாட்ஸ்அப் வழியாகக் குடும்பக் குழுவை அடைந்தது. பார்த்தோர் யாவரும் மகிழ்ந்தனர். அத்துடன் அப்படத்தை மறந்தோம்.

பெரிதாக்கியபோது

ஏழு மாதங்களுக்குப் பின் அத்தை காலமானார். பதினாறாம் நாள் காரியத்திற்கு மாலையிட்டு வைக்கப் படம் வேண்டியிருந்தது. வேறு படங்கள் இருந்தும், அந்தச் சிரிப்புப் படத்தையே வைக்கவேண்டும் என்று எல்லோரும் விரும்பினர். தம்பியோ இடம் போதவில்லை என்று கைப்பேசியிலிருந்த பழைய படங்களை நீக்கிவிட்டிருந்தான். ‘குழுவில்தான் இருக்கிறதே’ என்பது அவன் எண்ணம். குழுவில் இருந்ததைப் படநிலையத்தில் கொடுத்து, அத்தையின் உருவத்தை மட்டும் வெட்டி, 12-க்கு 18 அங்குலத்தில் பெரிதாக்கித் தரச் சொன்னோம்.

வந்த படத்தைக் கண்டு வீட்டில் ஒருவரும் பேசவில்லை. கண்கள் இரண்டும் கருந்திட்டுகளாயிருந்தன. முகம் கட்டங்கட்டமாகச் சிதைந்திருந்தது. குறை அச்சிட்டவரிடம் இல்லை. அவரிடம் கொடுத்தது படத்தின் நிழல், படம் அன்று.

புள்ளிகளின் கணக்கு

கைப்பேசிப் படம் என்பது நிறப் புள்ளிகளின் கோலம். ஒவ்வொரு புள்ளியையும் பிக்சல் என்கின்றனர். 1957-இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்ற பொறியாளர் முதன்முதலாக ஒரு நிழற்படத்தைக் கணிப்பொறிக்குள் புள்ளிகளாக ஏற்றினார். பக்கத்துக்கு 176 புள்ளிகள், மொத்தம் 30,976. அப்படத்தில் இருந்தது அவருடைய மூன்று மாதக் கைக்குழந்தை. இத்துறையின் தொடக்கமே ஒரு தந்தை தன் மகனின் முகத்தைக் காத்துவைத்ததுதான்!

இன்றைய கைப்பேசி ஒன்று 12 மெகாபிக்சல் படம் எடுக்கிறதென்றால், அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 என ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளிகள் அதில் உண்டு. படத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் தொலைவில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் நெருங்கியிருந்தால் நம் கண்ணுக்கு அவை தனித்தனியே தெரியா. ஆகவே அஞ்சலட்டை அளவான 4-க்கு 6 அங்குலப் படத்திற்கு 1,200-க்கு 1,800 புள்ளிகள் வேண்டும். 8-க்கு 10 அங்குலத்திற்கு 2,400-க்கு 3,000 வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளிநின்று பார்க்கும் பெரிய படமாயின் அங்குலத்துக்கு 150 புள்ளிகளே போதும்.

இப்பொழுது எங்கள் படத்தின் கணக்கைப் பாருங்கள். வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும்போது படத்தைச் சுருக்கி, நீண்ட பக்கத்தில் ஏறத்தாழ 1,600 புள்ளிகளே இருக்குமாறு செய்துவிடுகிறது. அதில் அத்தையின் உருவம் மட்டும் 400-க்கு 600 புள்ளிகள். அதனை 12 அங்குல அகலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 33 புள்ளிகளே வரும். ஆழாக்கு மாவைக் கொண்டு ஊருக்கே தோசை வார்த்த கதைதான். தம்பியிடமிருந்த மூலப்படம் மட்டும் இருந்திருந்தால், அதே உருவம் 1,000-க்கு 1,500 புள்ளிகளாயிருக்கும். 6-க்கு 9 அங்குலத்தில் தெளிவாக வந்திருக்கும்.

கைப்பேசியில் நன்றாகத்தானே தெரிந்தது எனக் கேட்கலாம். அதன் திரையின் அகலமே பெரும்பாலும் 1,080 புள்ளிகள்தாம். அச்சிறு திரையை நிரப்பச் சுருங்கிய படமும் போதுமானது. ஆதலின் திரையில் தெளிவாயிருப்பது தாளிலும் தெளிவாயிருக்கும் என்று நம்பலாகாது.

மேலும், ஒருவர் அனுப்பியதை மற்றொருவர் சேமித்து, திருத்தி, மீண்டும் அனுப்பும்போது படம் பலமுறை சுருக்கப்படக்கூடும். அலுவலகங்களில் கரித்தாள் வைத்து நகல் எடுத்த காலம் முதியோர்க்கு நினைவிருக்கும். முதல் நகல் தெளிவாயிருக்கும். நான்காம் நகலில் ஐந்துக்கும் ஆறுக்கும் வேறுபாடு தெரியாது. இதுவும் அதுபோன்றதே.

இல்லாததைப் படைக்கும் இயந்திரம்

படநிலையத்தார் இரக்கமுற்று, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொன்னார், தந்தார். வியக்கத்தக்க தெளிவு! ஆனால் சின்ன அத்தை அதனை நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, “இது யார்?” என்று கேட்டார். பெரிய அத்தையின் முகவாயில் சிறுவயதில் குத்திய பச்சைப் புள்ளி ஒன்று உண்டு. இயந்திரம் அதனை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தது. கண்ணோரச் சுருக்கங்களையும் நீக்கி, தான் கற்ற ஆயிரமாயிரம் முகங்களைக் கொண்டு ஒரு புது முகத்தை வரைந்திருந்தது. இழந்த புள்ளிகளை எந்த இயந்திரமும் மீட்டுத் தருவதில்லை, ஊகித்து நிரப்புகிறது. அழகுக்கு அது உதவலாம். நினைவுக்கு உதவாது.

அங்குலத்துக்கு 300 என்ற எண்ணை மட்டும் கணிப்பொறியில் மாற்றி எழுதினாலும் பயன் இல்லை. பெட்டியின்மேல் எடையைக் கூட்டி எழுதுவதால் உள்ளிருக்கும் சரக்கு கூடுவதில்லை அன்றோ!

முடிவில் நாங்கள் செய்தது இதுதான். மாற்றம் எதுவும் செய்யாத அந்தச் சிறு உருவத்தை, நான்கு அங்குல உயரத்தில் அச்சிட்டு, சுற்றிலும் அகலமான வெள்ளை அட்டை வைத்துச் சட்டமிட்டோம். ஒரு சாணுக்கும் குறைந்த படம். ஆனால் அதில் இருப்பது எங்கள் அத்தை. பச்சைப் புள்ளியும் இருக்கிறது.

செய்யத்தக்கன

அனுப்பும் முறை: அச்சிடவேண்டிய படத்தை வாட்ஸ்அப்பில் ‘போட்டோ’வாக அனுப்பாமல், ‘டாகுமெண்ட்’டாக அனுப்புக. அப்பொழுது மூலப்படம் சுருங்காமல் அப்படியே போய்ச் சேரும். 2023-இல் வந்த ‘எச்.டி.’ முறை கூடுதல் புள்ளிகளைத் தரும். எனினும் அதிலும் சுருக்கம் உண்டு. படங்கள் பலவாயின் கூகுள் போட்டோஸ் போன்றவற்றில் ஏற்றி இணைப்பை அனுப்பலாம். ஏற்றும்போது ‘ஒரிஜினல்’ தரத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். கூகுள் இலவசமாகத் தரும் இடம், மின்னஞ்சலையும் சேர்த்து, 15 ஜி.பி. மட்டுமே என்பதும் நினைவிலிருக்கட்டும்.

எடுக்கும் முறை: விரலால் திரையை விரித்துத் தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கி எடுத்தால், பல கைப்பேசிகளில் படத்தின் ஓரங்களை வெட்டி நடுப்பகுதியை ஊதிப் பெருக்குவதாகவே முடியும். நான்கடி முன்னே நடந்து எடுப்பதே மேல். போனக்காடு போன்ற மலைகளில் மூடுபனி வில்லையில் படியும். மெல்லிய துணியால் துடைத்துக்கொள்க. கை அசைந்து கலங்கிய படத்தில் எத்தனை கோடிப் புள்ளிகள் இருந்தும் பயனில்லை.

அச்சிடும் முறை: கைப்பேசிப் படம் பொதுவாக 4-க்கு 3 என்ற அளவில் அமைவது, அச்சுத் தாளோ 6-க்கு 4. தாள் நிரம்ப அச்சிட்டால் படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். நெட்டையாய் நிற்கும் மாமாவின் தலை போவது இதனாலேயே. ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப்படத்தையும் அச்சிடுமாறு முன்னரே சொல்லிவிடுக. பெரிய படம் வேண்டுமாயின் முதலில் அதன் சிறு பகுதி ஒன்றை அச்சிட்டுப் பார்த்தல் நன்று.

காக்கும் முறை: மூலப்படங்கள் ஒரே கைப்பேசியில் மட்டும் இருத்தல் கூடாது. வீட்டில் ஒரு தனி வட்டிலும், இணையச் சேமிப்பில் ஒரு படியும் இருக்கட்டும். பழைய தாள் படங்களைக் கைப்பேசியால் படம் பிடிப்பதைவிட, அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்வது சிறந்தது. எங்கள் பெரிய அத்தையின் திருமணத்தன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தகரப் பெட்டியில் கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் மலைக்குளிரையும் மழையையும் கண்ட படம் அது. ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது தாலிச்சரட்டின் முறுக்குக்கூடத் தெரிந்தது! ஏழு மாதப் படம் மங்கியது. தாத்தா காலத்துப் படம் நிலைத்தது.

கையில் கொடுக்கும் படம்

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கின்றோம். போனக்காட்டிலிருந்து புறப்படும்போது அந்த அடுத்த வீட்டு மூதாட்டி, “வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் படம் எடுக்கிறார்கள், தம்பி. ஒருவராவது கொண்டுவந்து கையில் கொடுத்ததில்லை” என்றார். அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்தோம், அனுப்பவில்லை. அத்தையின் காரியம் முடிந்தபின்தான் அச்சொல் நெஞ்சில் உறுத்தியது. குழுவிலிருந்த படத்தையே 4-க்கு 6 அங்குலத்தில் அச்சிட்டோம். அவ்வளவுக்கு 1,600 புள்ளிகள் போதுமானவை. ஆறு முகங்களும் நன்றாகவே வந்தன. இரண்டு படிகளை உறையிலிட்டு லயத்து முகவரிக்கு அஞ்சலில் அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து அம்மூதாட்டியின் பேரன் கைப்பேசியில் அழைத்தான். பாட்டி ஒன்றைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகவும், மற்றொன்றைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பதாகவும் சொன்னான்.

அத்தை உயிரோடிருந்தபோதே அப்படத்தை அச்சிட்டு அவர் கையில் கொடுத்திருக்கலாம். அதற்கு வேண்டியிருந்தது ஒரு சிறு தொகையும் ஒரு மாலைப்பொழுதுமே. கைப்பேசித் திரையைக் கூசிய கண்ணோடு பார்த்துவிட்டு, “யாரப்பா இது, நானா?” என்று கேட்டவர் அவர்.

அன்பர்களே, இவ்விடுமுறையில் ஊர் சென்று திரும்பியதும், எடுத்த நூறு படங்களில் பத்தைத் தேர்ந்தெடுங்கள். மூலப்படங்களைப் பத்திரப்படுத்துங்கள். அப்பத்தையும் தாளில் அச்சிட்டு, படத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு படி அனுப்புங்கள். பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுத மறவாதீர்கள்.