மறுபடியும் மாணவி – 9: பின்னம் எங்கே போயிற்று?

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னில் ‘பியூர் சயின்ஸ்’ எடுத்த பெண்ணுக்குக் கணக்கு என்பது பத்தாம் வகுப்போடு முடிந்துபோன சமாச்சாரம். காம்பஸ் பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் தாவரவியல், விலங்கியல் என்று போய்விடுவாள். அப்புறம் ஒரு டிகிரி, கல்யாணம், குழந்தை. கணவருக்கு டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ வேலை. குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேரலாமா என்று விசாரித்தால், முதல் கேள்வியே “டீஸ் எழுதிவிட்டீர்களா?” என்பதுதான். டீஸ் (TEAS) என்பது நர்சிங் நுழைவுத் தேர்வு. சில கல்லூரிகளில் அதற்குப் பதில் ஹெசி (HESI) என்ற தேர்வைக் கேட்பார்கள். எதைக் கேட்டாலும் அதில் கணக்கு இருக்கும்.

டீஸ் தேர்வில் வாசிப்பு, கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என நான்கு பகுதிகள். மொத்தம் 170 கேள்விகள், 209 நிமிடம். கணக்குக்கு 38 கேள்விகள், 57 நிமிடம். கேள்விக்குச் சரியாக ஒன்றரை நிமிடம். அந்த 38-இல் நான்குக்கு மதிப்பெண் கிடையாது. எந்த நான்கு என்று சொல்லவும் மாட்டார்கள். கால்குலேட்டர் உண்டு, ஆனால் திரையில் அவர்கள் கொடுப்பதுதான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் செய்யும், அவ்வளவே.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் நம் ஏழாம், எட்டாம் வகுப்புப் புத்தகம் போல இருக்கும். பின்னம், தசமம், சதவீதம், விகிதம், எளிய சமன்பாடு, பரப்பளவு, அளவை மாற்றம், வரைபடம், சராசரி. “இவ்வளவுதானா!” என்று மூச்சுவிட்டு, எக்ஸ் வருகிற பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்களே அதிகம். எக்ஸைப் பார்த்துத்தானே பயம். என்னைக் கேட்டால் அது தவறான வாசல். சமன்பாடு நான்கு நாள் மாலையில் உட்கார்ந்தால் திரும்பி வந்துவிடும். வராமல் அடம்பிடிப்பது பின்னம். பள்ளிக்குப் பிறகு நாம் தினமும் தசமத்தோடும் சதவீதத்தோடும் புழங்குகிறோம்; எட்டில் ஐந்தோடு யார் புழங்குகிறார்கள்?

என்னிடம் டீஸுக்குப் படிக்க வந்த ஒரு பெண்ணிடம் இந்த நான்கையும் சிறியதிலிருந்து பெரியதாக எழுதச் சொன்னேன்: 5/8, 0.6, 2/3, 62%.

“அக்கா, எல்லாத்தையும் கால்குலேட்டர்ல போட்டா வந்துடுமே?”

“வரும்மா. ஆனா 62 சதவீதத்தை என்னன்னு போடுவ?”

கொஞ்சம் யோசித்துவிட்டு 62 என்றே போட்டாள். கடைசியில் அது மற்ற மூன்றையும் தாண்டி மலைபோல நின்றது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்பது மட்டும்தான் இங்கே பாடம். 5/8 என்பது 0.625, 2/3 என்பது 0.667-க்கு அருகே, 62% என்பது 0.62. ஆக வரிசை 0.6, 62%, 5/8, 2/3. அரை, கால், எட்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று ஆகியவற்றின் தசம மதிப்பு வாய்ப்பாடு மாதிரி நாக்கில் இருந்தால், கால்குலேட்டரைத் திறக்கிற நேரத்தில் விடையையே எழுதிவிடலாம்.

சதவீதத்தில் இன்னொரு பொறி. நாடித்துடிப்பு 80-இலிருந்து 100-க்கு ஏறினால் 25 சதவீத உயர்வு. அதே 100-இலிருந்து 80-க்கு இறங்கினால் 20 சதவீதச் சரிவு. வித்தியாசம் இரண்டிலும் 20 தான்; எதிலிருந்து புறப்பட்டதோ அதைக்கொண்டுதான் வகுக்கவேண்டும்.

ஒரு கணக்கில் எதை முதலில் செய்வது என்பதற்கு நாம் போட்மாஸ் (BODMAS) என்று படித்ததை அமெரிக்கப் புத்தகங்கள் பெம்டாஸ் (PEMDAS) என்கின்றன. விதி ஒன்றேதான், எழுத்து வரிசைதான் வேறு. அந்த வரிசையை அப்படியே நம்பினால் வினை. 24 ÷ 4 × 2 என்பதில் பெம்டாஸ் சொல்கிறதே என்று பெருக்கலை முதலில் செய்தால் 3 வரும். சரியான விடை 12. பெருக்கலும் வகுத்தலும் சமம், இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அதைச் செய்யவேண்டும். கூட்டலும் கழித்தலும் அப்படியே. 8 − 3 + 2 என்பது 7. போட்மாஸில் கூட்டல் முதலில் வருகிறதே என்று போட்டால் 3 ஆகிவிடும்.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அளவைகளில். கிலோ, லிட்டரில் வளர்ந்தவர்களுக்குப் பவுண்டும் அவுன்ஸும் அந்நியம். பிறந்த குழந்தையின் எடை 7 பவுண்டு 8 அவுன்ஸ் என்றால் கை தானாக 7.8 என்று எழுதும். பவுண்டுக்கு 16 அவுன்ஸ். ஆகவே அது 7.5 பவுண்டு. ஒரு கிலோ சுமார் 2.2 பவுண்டு, ஓர் அங்குலம் 2.54 செ.மீ., ஒரு டீஸ்பூன் 5 மி.லி., ஒரு டேபிள்ஸ்பூன் 15 மி.லி. இவற்றை மனப்பாடமே செய்துவிடுங்கள். சேர்ந்தபிறகு மருந்தளவுக் கணக்கிலும் இவைதான் வரப்போகின்றன.

அந்தக் கணக்கு எப்படியிருக்கும் என்று ஒன்றைப் பார்த்துவிடுவோம். 44 பவுண்டு எடையுள்ள குழந்தை. கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் அசிட்டமினோஃபென் (நம் பாராசிட்டமால்தான்). அங்கே கிடைக்கும் குழந்தைகள் சிரப்பில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம். எத்தனை மில்லி? 44-ஐ 2.2-ஆல் வகுத்தால் 20 கிலோ. 20 × 15 = 300 மில்லிகிராம். இங்கே பேனாவை நிறுத்திவிட்டு ஒரு குத்துமதிப்புப் போடுங்கள்: 160-க்கு 5 மில்லி என்றால் 320-க்கு 10 மில்லி. விடை பத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரவேண்டும். போட்டுப் பார்த்தால் 300 × 5 ÷ 160 = 9.375, அதாவது 9.4 மில்லி. பவுண்டைக் கிலோவாக மாற்ற மறந்தவருக்கு 20.6 வந்திருக்கும். இருபது கிலோக் குழந்தைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து! கால்குலேட்டர் அதையும் முகம் சுளிக்காமல் காட்டும். எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் கிலோ, மி.கி., மி.லி. என்று அலகை எழுதுகிறவருக்கு இந்தத் தவறு நேர்வது அபூர்வம்.

தசமப் புள்ளியைப் பற்றி அமெரிக்க மருத்துவமனைகள் எவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம். அங்கே மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், மருந்துச்சீட்டில் எழுதக்கூடாதவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன்படி 1.0 மி.கி. என்று எழுதக்கூடாது, புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். .5 மி.கி. என்றும் எழுதக்கூடாது, 5 ஆகிவிடும். 1 மி.கி., 0.5 மி.கி. என்றே எழுதவேண்டும். பயிற்சி நோட்டிலேயே இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.

தயாரிப்பைப் பற்றி நான் சொல்வது இவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் கால்குலேட்டரைத் தொடாதீர்கள். பின்னத்திலும் சதவீதத்திலுமே கிடங்கள். பிறகு அளவை, விகிதம். சமன்பாடும் பரப்பளவும் கடைசியில். மாதிரித் தேர்வைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள், அதுவும் குழந்தை தூங்கியபின் எழுதுங்கள். விடைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கிற பழைய வித்தையை மட்டும் நம்பாதீர்கள்; 2022-இல் வந்த புதிய டீஸில் விடைத் தெரிவுகளே இல்லாமல் எண்ணை நிரப்பச் சொல்லும் கேள்விகளும் உண்டு.

இந்த வாரக் கணக்கு: 33 பவுண்டுக் குழந்தைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஐபுப்ரோஃபென். சிரப்பில் 5 மில்லிக்கு 100 மில்லிகிராம். விடையை மில்லியிலும் டீஸ்பூனிலும் எழுதுங்கள். இது காகிதத்தில் போடுவதற்கான கணக்கு மட்டுமே. வீட்டில் மருந்து கொடுக்க டாக்டரைக் கேளுங்கள். விடையோடு அடுத்த வாரம் அறிவியல் பகுதிக்குப் போகலாம்.